பிளஸ் டூ பிள்ளைகள்: கல்லூரி, வேலை, ராணுவம் – எப்போது, எதைச் சொல்லிக் கொடுப்பது?

கரும்பலகை (ஆரணி பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். ஆரணிக்கும் செய்யாறுக்கும் நடுவில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருக்கிறேன். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியரும் நான்தான். மொத்தம் 43 பேர்.

போன வாரம் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, "அடுத்த ஜூலை மாதம் நீ எங்கே இருப்பாய்?" என்று மட்டும் எழுதச் சொன்னேன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 14 பேர் இன்ஜினியரிங் என்று எழுதியிருந்தார்கள். அதில் எந்தப் பிரிவு என்று எழுதியவர்கள் 3 பேர். 9 பேர் "ஏதாவது டிகிரி". 6 பேர் மிலிட்டரி. 4 பேர் நர்சிங். 3 பேர் செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனி. 2 பேர் "வீட்டில் கேட்கணும்". மீதி 5 தாளும் வெறும் தாள்.

அந்த ஐந்தில் ஒரு தாள் கசங்கியிருந்தது. என்னவோ எழுதி, அழி ரப்பரால் அழுத்தித் தேய்த்திருந்தார்கள். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தபோது பென்சில் பள்ளம் தெரிந்தது. "பைலட்". யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்த பிறகு, அதாவது 2022க்குப் பிறகு, வழிகாட்டல் பாடவேளை என்று ஒன்று இருக்கிறது, கையேடு இருக்கிறது, கல்லூரிக் கனவு நிகழ்ச்சிக்குப் பேருந்தில் கூட்டிப் போகிறோம். அத்தனையும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே அறையில் 43 பேருக்கு 300 படிப்புகளின் பெயரை வாசித்தால் யாருக்கும் எதுவும் ஒட்டுவதில்லை. எப்போது ஆரம்பிக்க வேண்டும், எதைச் சொல்லித்தர வேண்டும்? இந்தப் பாதைகளில் நடந்தவர்கள் சொந்த அனுபவத்தைச் சொன்னால் அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டு போவேன்.

தறிவீட்டுப் பெண் (சென்னை)

சார், நானும் ஆரணிப் பெண்தான். அப்பா பட்டுத் தறி நெய்கிறவர். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். 2019இல் பொறியியல் கலந்தாய்வில் சேர்ந்தேன். இரண்டு விஷயம் சொல்கிறேன். இரண்டுமே எனக்கு யாராவது பிளஸ் ஒன்னிலேயே சொல்லியிருக்க வேண்டியவை.

முதலாவது, விருப்பப் பட்டியல். கட் ஆஃப் கணக்கு எல்லோருக்கும் தெரியும். கணக்கு 100க்கு, இயற்பியலும் வேதியியலும் ஆளுக்கு 50க்கு, மொத்தம் 200. எனக்கு 86, 78, 82. ஆக 86 + 39 + 41 = 166. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. "இது நமக்குக் கிடைக்காது" என்று பயந்து, நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றிய கல்லூரியை முதலில் போட்டேன். நிஜமாகவே ஆசைப்பட்டதை ஆறாவதாகப் போட்டேன். கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டம், பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், மொத்தமே ஒன்பது விருப்பம்தான் கொடுத்தேன். முதலில் போட்டதே கிடைத்தது. என்னைவிடக் குறைந்த கட் ஆஃப் வாங்கிய என் தோழி, நான் ஆறாவதாகப் போட்ட கல்லூரியில் சேர்ந்தாள்.

கணினி பார்ப்பது இதைத்தான்: தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. அதனால் ஆசைப்படும் வரிசையில்தான் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். நூறு போட்டாலும் தப்பில்லை. இதை வகுப்பில் விளையாட்டு மாதிரி நடத்திக் காட்டுங்கள் சார். பத்துப் பிள்ளைகளை நிறுத்தி, ஐந்து நாற்காலி போட்டு, ஆளுக்கொரு பட்டியல் எழுதச் சொல்லி, தரவரிசைப்படி கூப்பிட்டு உட்கார வையுங்கள். அரை மணி நேரத்தில் புரிந்துவிடும்.

இரண்டாவது, கல்லூரியின் முதல் வாரம். இயற்பியலில் நான் மோசமில்லை. ஆனால் முதல் வகுப்பில் அந்த மேடம் 'மொமண்டம்', 'டார்க்', 'கெபாசிடர்' என்று சொல்லிக்கொண்டே போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உந்தம் எனக்குத் தெரியும். திருப்பு விசை தெரியும். மின்தேக்கியில் ஐந்து மதிப்பெண் கணக்கு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். அதற்கு இன்னொரு பெயர் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்கவும் வெட்கம். இரண்டு மாதம் நான் மக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பழைய பிளஸ் டூ புத்தகத்தை ஊரிலிருந்து வரவழைத்து, ஒரு நோட்டில் கோடு போட்டு, இடது பக்கம் தமிழ்ப் பெயர், வலது பக்கம் ஆங்கிலப் பெயர் என்று எழுத ஆரம்பித்தேன். 400 சொல்கூடத் தாண்டவில்லை, பாடம் பிடிபட்டுவிட்டது. இதைப் பள்ளியிலேயே பாடத்தோடு பாடமாகக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தால் எவ்வளவு பிள்ளைகளின் கண்ணீர் மிச்சமாகும்.

பழைய தலைமையாசிரியர் (விழுப்புரம்)

ஆசிரியரின் அக்கறைக்கு வணக்கம். ஆனால் 34 வருடம் பள்ளியில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ் டூ வருடத்தில் பிள்ளைகள் முன்னால் இத்தனை கதவுகளைத் திறந்து வைத்தால் கவனம் சிதறும். கிராமத்துப் பிள்ளைக்குக் கையில் இருக்கும் ஒரே பிடி மார்க்தான். மார்ச் வரை பாடம், பாடம், பாடம். பொதுத்தேர்வு முடிந்த பிறகு இரண்டு மாதம் இருக்கிறது. வழிகாட்டலை அப்போது வைத்துக்கொள்ளலாம்.

தறிவீட்டுப் பெண் (சென்னை)

ஐயா, மன்னிக்கவும், மார்க் முக்கியம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மே மாதம் பேச ஆரம்பித்தால் பாதிக் கதவு ஏற்கெனவே சாத்தியிருக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. மாதிரிக் கல்லூரிகளுக்கான ஜே.இ.இ. முதல் தேர்வு ஜனவரி. முப்படை அதிகாரிகளை உருவாக்கும் என்.டி.ஏ. அகாடமியின் முதல் தேர்வுக்கு டிசம்பரில் அறிவிப்பு, ஏப்ரலில் தேர்வு. பேஷன் டெக்னாலஜிக்கான நிஃப்ட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்பதே எனக்குக் கல்லூரி மூன்றாம் ஆண்டில்தான் தெரியும். மே மாதத்தில் நமக்கு மிச்சம் இருப்பது பெரும்பாலும் நம் மாநிலக் கலந்தாய்வுகளும், வீட்டு வாசலுக்கு வரும் ஏஜெண்டுகளும்தான். எங்கள் தெருவில் ஒருவர் வெளிமாநில நர்சிங் கல்லூரி என்று சொல்லி முன்பணம் வாங்கிப் போனார். அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரமே இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த அக்காவுக்கு ஒரு வருடமும் பணமும் போயின.

ஓய்வுபெற்ற சுபேதார் (வேலூர்)

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்தவர் என்று பெயர் பெற்ற ஊர் அது. நான் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சி எடுத்து, 28 வருடம் இருந்துவிட்டு வந்தேன். இப்போது எங்கள் ஊர் ஏரிக்கரையில் காலையில் பையன்களை ஓட வைக்கிறேன். காசு வாங்குவதில்லை.

"மிலிட்டரி" என்று எழுதிய அந்த 6 பேரைப் பற்றி மட்டும் பேசுகிறேன். படிப்பு வராதவன் போகும் இடம் ராணுவம் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. முதலில் அது போக வேண்டும். இப்போது ராணுவத்துக்கு நாலு வருடப் பணிக்கு ஆள் எடுக்கும் அக்னிவீர் தேர்வில் ஓட்டத்துக்கு முன்னால் கணினித் தேர்வு வருகிறது. அதில் தேறினால்தான் மைதானத்துக்கே கூப்பிடுவார்கள். இப்போது அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இது எத்தனை பையன்களுக்குத் தெரியும்? பொதுப்பணி (ஜெனரல் டூட்டி) பிரிவுக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் வேண்டும். கிளார்க் பிரிவுக்குப் பிளஸ் டூவில் 60 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 50. பிளஸ் டூவை மட்டும் வைத்து டெக்னிக்கல் பிரிவுக்குப் போக இயற்பியல், வேதியியல், கணக்கு, ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். அதாவது பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும் நாளிலேயே ஒரு கதவு திறக்கிறது, ஒரு கதவு மூடுகிறது.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். 400 மீட்டர் மைதானத்தில் நான்கு சுற்று. ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தால் முழு 60 மதிப்பெண். பத்து புல்-அப் எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும், வளைந்த கட்டையில் நடக்க வேண்டும். பிப்ரவரியில் விண்ணப்பம் போட்டுவிட்டு மே மாதம் ஓட ஆரம்பிக்கிறவனுக்கு முழங்கால்தான் வீங்கும். எட்டு மாதம் வேண்டும். முதல் இரண்டு மாதம் மெதுவாக மூன்று கிலோமீட்டர், நேரம் பார்க்கவே கூடாது. அப்புறம்தான் கடிகாரம்.

மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்படும் பையன்களைப் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறாது. ஐந்தேகால் நிமிடத்தில் ஓடிய பையன் தட்டைப் பாதம் என்று திரும்பி வருவான். அதை ஊரிலேயே பார்த்துவிடலாம். பாதத்தைத் தண்ணீரில் நனைத்து, காய்ந்த சிமெண்ட் தரையில் ஒரு முறை மிதித்து எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் வளைவு விழுந்தால் நல்லது. மொத்தப் பாதமும் வாழையிலை மாதிரி அப்பியிருந்தால் உடனே எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும். காலைச் சேர்த்து நிற்கும்போது முழங்கால் இடிக்கிறதா, நிறம் சரியாகத் தெரிகிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, பல் சொத்தையா, எல்லாம் பதினோராம் வகுப்பிலேயே அரசு மருத்துவமனையில் பார்த்துவிடலாம். காது அழுக்கு பத்து நிமிட வேலை. அதற்காக ஒரு பையன் மறுபரிசோதனைக்கு இன்னொரு ஊருக்கு அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்று பிள்ளைகளின் அம்மா (செய்யாறு)

ஐயா சொல்வது எல்லாம் சரி. ஆனால் ஒரு அம்மாவாக எனக்கு அடி வயிறு கலங்குகிறது. பெரியவன் அக்னிவீர், அக்னிவீர் என்றே இருக்கிறான். நாலு வருடம் முடிந்து நூறில் இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். மீதிப் பேர் 22 வயதில் பென்ஷனும் இல்லாமல், டிகிரியும் இல்லாமல் வீட்டுக்கு வந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? அவனோடு படித்தவன் அதற்குள் டிப்ளமோ முடித்து வேலையில் மூன்று வருடம் ஆகியிருப்பான். முன்பெல்லாம் 15 வருடம் இருந்தால் பென்ஷனோடு வருவார்கள். என் தாய்மாமா அப்படித்தான் வந்தார், அதை நம்பித்தான் வீடு கட்டினார். உங்களுக்குக் கிடைத்தது இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கப்போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லித்தானே ஓட வைக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற சுபேதார் (வேலூர்)

அம்மா, நீங்கள் கேட்டது நியாயம். நான் அதை மறைத்ததில்லை, ஆனால் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாதது என் தவறு.

கணக்கை அப்படியே வைக்கிறேன். முதல் வருடம் மாதம் 30,000. அதில் 30 சதவீதம், அதாவது 9,000, சேவா நிதிக்குப் பிடித்துக்கொள்வார்கள். கைக்கு 21,000. நான்காம் வருடம் சம்பளம் 40,000, கைக்கு 28,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போடும். முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். பென்ஷன் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. 25 சதவீதம் வரை நிரந்தரமாக எடுப்பார்கள். துணை ராணுவத்தில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022இல் அறிவித்தார்கள். முதல் அணி 2023 தொடக்கத்தில்தான் பயிற்சிக்குப் போனது. ஓர் அணி மொத்தமாக வெளியே வந்து எத்தனை பேருக்கு என்ன வேலை அமைகிறது என்று பார்த்த பிறகுதான் இதன் லாப நஷ்டத்தைப் பேச முடியும்.

அதனால் என்னிடம் வரும் பையன்களிடம் ஒன்று கேட்கிறேன்: "நாலு வருடம் கழித்து உன்னைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வாய்?" பதில் சொல்லத் தெரியாதவனை அடுத்த நாள் அப்பாவோடு வரச் சொல்கிறேன். டிப்ளமோ, ஐடிஐ, தொலைதூரப் பட்டம் என்று கையில் ஒன்று இருந்தால் பயம் பாதி குறையும். உங்கள் மகனை டிப்ளமோ முடித்துவிட்டும் அனுப்பலாம், அப்போதும் வயது இருக்கும். முடிவு உங்கள் வீட்டில்தான் எடுக்க வேண்டும். ஆனால் அவன் காலையில் ஓடுவதை மட்டும் தடுக்காதீர்கள் அம்மா. போலீஸ் தேர்வானாலும் அந்த ஓட்டம் கை கொடுக்கும்.

இன்னொன்று. ஆள் சேர்ப்புக்குப் பணம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். விண்ணப்பம் ராணுவத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும்தான்.

இ-சேவைக்காரன் (திருவண்ணாமலை)

நான் ஆறு வருடமாக இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். மே, ஜூன் இரண்டு மாதமும் என் கடை வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் இந்த இழையை எல்லாப் பள்ளியிலும் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. நாலும் விஏஓ, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேறிப் போய் வர வேண்டியவை. முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் இருக்கும் எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். அண்ணன் பத்தாம் வகுப்போடு நின்றிருந்தால் அவன் டி.சி. நகல் வேண்டும். அது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடவே ஒரு வாரம் போகும். கலந்தாய்வுக்கு நாலு நாள் இருக்கும்போது வந்து "அண்ணா, இன்றைக்கே கிடைக்குமா?" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? இதையெல்லாம் பிளஸ் டூ அரையாண்டு விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடலாம்.

நம் மாநிலச் சாதிச் சான்றில் பி.சி., எம்.பி.சி. என்று இருப்பது மத்தியத் தேர்வுகளுக்குப் போதாது. நீட், ஜே.இ.இ., க்யூட், ராணுவ அதிகாரி தேர்வு நீங்கலாக மற்ற மத்திய அரசு வேலைகள் எதிலும் இடஒதுக்கீடு கிடைக்க ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். அதில் 8 லட்ச வருமான வரம்பு உண்டு, ஆனால் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. பல பெற்றோர் இது தெரியாமல் "நமக்குக் கிடைக்காது" என்று பொதுப் பிரிவிலேயே போட்டுவிடுகிறார்கள். போன வருடச் சான்றை ஏற்க மாட்டார்கள் என்பதால் ஏப்ரலுக்குப் பிறகு புதிதாக எடுத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பெயர். என் தம்பி கதையைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயர் கோவிந்தன். ஆதாரில் கோவிந்தசாமி. ஊரில் எல்லோரும் இரண்டு பெயரிலும் கூப்பிடுவார்கள், வீட்டில் யாருக்கும் அது வித்தியாசமாகவே படவில்லை. ஆள் சேர்ப்பு முகாமுக்கு விடியற்காலை மூன்று மணிக்குப் போய் வரிசையில் நின்றான். வாசலில் சான்றிதழ் பார்த்தவர்கள் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டம் தொடங்கும் விசில் சத்தம் வெளியில் நின்ற அவனுக்குக் கேட்டிருக்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி அழுதான். அடுத்த முறைக்கு வயது தாண்டிவிட்டது.

இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில், இன்னொன்றில் விரிவாக அப்பா பெயர். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருப்பது. இதெல்லாம் நம் பக்கம் சகஜம். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து போகும் முன் திருத்துவது சுலபம். மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்த பிறகு அதைத் திருத்த அலைகிற அலைச்சல் பெரியது. அதனால் ஆசிரியர் ஐயா, உங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆதாரையும் பிறப்புச் சான்றையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேத்துக்காரர் (ராணிப்பேட்டை)

இத்தனை பேசியும் ஐடிஐ பற்றி ஓரிரு வார்த்தைதான் வந்திருக்கிறது. 43 பேரில் ஒருவர்கூட ஐடிஐ என்றோ பாலிடெக்னிக் என்றோ எழுதவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் அரசு ஐடிஐயில் பயிற்றுநர்.

வெல்டர் ஒரு வருடம். பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவசப் பேருந்து அட்டை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. பையன்களுக்கும் அதே மாதிரி 2024 ஆகஸ்ட்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. இவை கல்லூரிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐடிஐ, டிப்ளமோவுக்கும் உண்டு. முடித்த பிறகு பெரம்பூர் ஐ.சி.எஃப்., நெய்வேலி என்.எல்.சி., திருச்சி, ராணிப்பேட்டை பெல் போன்ற இடங்களில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். படிப்பும் அங்கே நின்றுவிடாது. பிளஸ் டூ அல்லது ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். என் மாணவி ஒருத்தி அந்தப் படிகளில் ஏறிப் போய் இப்போது டிசைன் பிரிவில் இருக்கிறாள்.

ஐயா இயற்பியல் ஆசிரியர் என்பதால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வகத்தில் ஸ்க்ரூ கேஜ் இருக்கும். எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் மைக்ரோமீட்டர். பிளஸ் டூ முடித்து வரும் பிள்ளைகள் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் என்று ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு கம்பியைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால் திருகை இறுக்கி முறுக்கிவிடுவார்கள். கடைசியில் இருக்கும் ராட்செட் எதற்கு என்று தெரியாது. அது மூன்று முறை 'டிக் டிக்' என்றால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். செய்முறைத் தேர்வுக்கு அளவை எழுதிக் காட்டுவதை விட்டுவிட்டு, ஒரு நாள் சைக்கிள் ஸ்போக்ஸ், தையல் ஊசி, பிளேடு எல்லாவற்றையும் அவர்களையே அளக்க விடுங்கள். கை வேலையில் நாட்டம் உள்ள பிள்ளை யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வைகைக்கரை (தேனி)

நான் பிளஸ் ஒன் மாணவன். சுபேதார் தாத்தாவுக்கு ஒரு கேள்வி. திருவிழாவுக்கு என் நண்பர்கள் எல்லோரும் தோளுக்குக் கீழே வேல் பச்சை குத்திக்கொள்கிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். எனக்கு ஆர்மி ஆசை. குத்தலாமா?

ஓய்வுபெற்ற சுபேதார் (வேலூர்)

வேண்டாம் தம்பி. முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும்தான் சிறிய அளவில் அனுமதி. தோளுக்குக் கீழே மேற்கையில் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முருகனுக்குக் காவடி எடு, மொட்டை போடு. பச்சை வேண்டாம். கேட்டாயே, அதுவே பெரிய விஷயம். பதினேழரை வயது நிரம்பும் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறித்து வை.

கரும்பலகை (ஆரணி பக்கம்)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது.

தலைமையாசிரியர் ஐயா சொன்னதை மனதில் வைத்து, பாட நேரத்தில் கை வைக்கவில்லை. சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் எடுத்துக்கொண்டோம். இ-சேவைக்காரர் சொன்னபடி ஆளுக்கொரு கோப்பு. முதல் சனிக்கிழமை ஆதார், பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்புப் பட்டியல் மூன்றையும் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். 43 பேரில் 11 பேருக்கு ஏதோ ஒன்று பொருந்தவில்லை. ஒரு பையனுக்கு ஆதாரில் பிறந்த வருடமே வேறு. எல்லோரும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டாவது வாரம் நாற்காலி விளையாட்டு. மூன்றாவது வாரம் ஆய்வகத்தில் ஊசியும் பிளேடும் அளந்தோம். "வீட்டில் கேட்கணும்" என்று எழுதியிருக்கக்கூடும் என்று நான் நினைக்கும் ஒரு பையன் மணி அடித்த பிறகும் ஸ்க்ரூ கேஜைக் கீழே வைக்கவில்லை. தன் தலைமுடியை ஒன்று பிடுங்கி அளந்துகொண்டிருந்தான். அவனை ராணிப்பேட்டைக்குக் கூட்டி வரலாமா, லேத்துக்காரர் சார்? கரும்பலகையின் வலது ஓரத்தில் இப்போது தினமும் ஆங்கிலப் பெயர் ஏறுகிறது. காலை வழிபாட்டுக்கு முன் பையன்கள் ஈரக்காலோடு வராந்தா முழுக்கத் தடம் பதித்து வைத்திருக்கிறார்கள். பெண்களும்தான்.

அழித்த தாள் விஷயம். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை, தாளைப் படித்தது தெரிந்துவிடும். அதனால் என்.டி.ஏ. விவரத்தை எல்லோருக்கும் பொதுவாகப் பலகையில் எழுதினேன். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. கணக்கு 300, பொது அறிவும் ஆங்கிலமும் 600. அதில் தேறினால் ஐந்து நாள் நேர்முகம், அதற்கு 900. விமானப்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணக்கு படித்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்ன பிறகு பெண்களும் எழுதுகிறார்கள், 2022இல் முதல் பெண்கள் அணி கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியில் சேர்ந்தது, 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தது. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான், அதனால் வலது ஓரத்துச் சொற்கள் இதற்கும் வேண்டும் என்றும் சொன்னேன்.

மணி அடித்தது, எல்லோரும் போனார்கள். ஒருத்தி மட்டும் பலகையை முழுதாக எழுதி முடிக்கும் வரை நின்றாள். அப்புறம் வந்து, "சார், பயோ மேத்ஸ் குரூப் எழுதலாமா?" என்றாள். எழுதலாம் என்றேன். கொஞ்ச நேரம் கோப்பின் நூலைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா சார்?" என்றாள்.

வரும் ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மா என்ன கேட்பார் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஆனால் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. சுபேதார் ஐயா, உங்களால் வர முடியுமா?

ஓய்வுபெற்ற சுபேதார் (வேலூர்)

வருகிறேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் 9 மணிக்கு நிற்பேன்.

மூன்று பிள்ளைகளின் அம்மா (செய்யாறு)

நானும் வரட்டுமா சார்? இரண்டு ஆண்கள் போய் உட்கார்ந்தால் அந்த அம்மா மனதில் இருப்பதைக் கேட்க மாட்டார். நான் சமையலறையில் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். என் பெரியவனும் வருகிறான், அவனுக்குச் சுபேதார் ஐயாவிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறதாம்.